பரிந்து பேச ஆளில்லாத பலா

என் வீட்டுப் பின்பக்கம் நின்ற பலாமரத்தைக் கொன்றது நான்தான். வயதாகிப் பட்டுப்போனது என்று சிலரிடமும், வேரில் பூஞ்சை பிடித்துவிட்டது என்று சிலரிடமும் சொல்லியிருக்கிறேன். இரண்டும் பொய். முப்பத்தோரு வருஷம் பள்ளிக்கூடத்தில் தாவரவியல் நடத்திய வாய் என்பதால் பூஞ்சைக் கதையை யாரும் சந்தேகிக்கவில்லை.

நான் பிறந்தது விழுப்புரத்தில். அப்பாவும் அம்மாவும் பிறர் நிலத்தில் கரும்பு வெட்டியும் மல்லாட்டைக் கடலை பிடுங்கியும் என்னை எம்.எஸ்சி. வரை படிக்கவைத்தார்கள். எங்கள் குடும்பத்துக்கென்று சொந்தமாக ஒரு மரம் இருந்ததில்லை. திண்டிவனத்தில் வேலை கிடைத்து, பல வருஷம் வாடகை வீட்டில் இருந்துவிட்டு, ஒரு மனை வாங்கி வீடு கட்டினேன். புதுமனை புகுந்த வாரத்தில் என் மனைவி, கிளியனூருக்குப் பக்கத்திலிருக்கும் தன் ஊரிலிருந்து ஒரு பலாக்கன்றை மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் வந்து இறங்கினாள். கொட்டையிலிருந்து முளைத்த கன்று. ஒட்டுக்கன்று வாங்கியிருந்தால் நாலு வருஷத்தில் காய்க்கும், இது எப்போது காய்க்குமோ என்றேன். காய்க்கிறபோது காய்க்கட்டும், நாம் எங்கே போகப்போகிறோம் என்றாள்.

பதினான்கு வருஷம் அது காய்க்கவில்லை. உயரமாக வளர்ந்தது. நல்ல நிழல். விரல்போல ஆண்பூக்கள் மட்டும் வரும், கறுக்கும், உதிரும்.

காய்க்காத மரத்தை மிரட்டுவது அவள் ஊர் வழக்கம். ஆடிப் பதினெட்டு அன்று காலையில் ஒருவர் கோடாலியோடு மரத்தடிக்குப் போக வேண்டும். இத்தனை வருஷம் தண்ணீர் குடித்தாயே, ஒரு பிஞ்சாவது விட்டாயா, இன்றைக்கு உன்னை வெட்டப்போகிறேன் என்று சொல்லி, கோடாலியின் பின்பக்கத்தால் அடிமரத்தில் மெதுவாகத் தட்ட வேண்டும். உடனே இன்னொருவர் குறுக்கே வந்து மரத்துக்காகக் கெஞ்ச வேண்டும். வெட்ட வந்தவர் மனம் இரங்கித் திரும்பிவிட வேண்டும். இரண்டு பேர் இல்லாமல் இதைச் செய்யக்கூடாது. எங்கள் வீட்டில் கோடாலி எனக்கு, கெஞ்சுவது அவளுக்கு.

"வேணாங்க. இந்த ஒரு வருஷம் வுடுங்க. வர்ற வருஷம் காய்க்கும். நான் ஜாமீன்" என்பாள். ஒவ்வொரு ஆடிக்கும் அதே வார்த்தைகள்தான்.

ஒரு வருஷம் நான் விளையாட்டாக இழுத்தேன். ஜாமீன் கொடுத்துக் கொடுத்துப் பத்து வருஷமாகிறது, எந்தக் கோர்ட்டும் இதை ஒத்துக்கொள்ளாது என்றேன். பக்கத்து வீட்டுக்காரர் மதில்மேல் கையை ஊன்றிக்கொண்டு டீ குடித்தபடி வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தார். ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் அவர். அவர் இருக்கிறார் என்று தெரிந்தேதான் அவள் சொன்னாள்:

"உங்களுக்கு மட்டும் கல்யாணமாயி ஏழு வருஷம் கழிச்சித்தான் புள்ள பொறந்துச்சி. உங்கள யாருனா வெட்டுனாங்களா?"

கண்டக்டருக்குப் புரை ஏறிவிட்டது. "சார், கோடாலியக் கீழ போட்டுடுங்க. கேஸ் தோத்துட்சி" என்றார்.

இந்தச் சடங்கை நான் மதித்ததில்லை, அவளுக்காகச் செய்தேன். அடிமரத்தில் அடி விழும்போது பட்டை நசுங்கி, இலைகளில் உண்டாகும் சர்க்கரை கீழே இறங்குவது கொஞ்சம் தடைபடும். அது மேலேயே தேங்குவதால் சில மரங்கள் பூக்கும். மற்றபடி மரத்துக்குக் காது கிடையாது, நரம்பு கிடையாது, மிரட்டலும் தெரியாது, கெஞ்சலும் தெரியாது என்று அவளுக்கு விளக்கியிருக்கிறேன். துணி மடித்துக்கொண்டே முழுவதையும் கேட்டாள்.

"தெரியாதுன்னே வெச்சிக்கலாம். வயித்துல ரெண்டு மாசமா இருந்தப்ப நம்ப பொண்ணுக்கு மட்டும் இன்னா தெரியும்? அதுக்காவ நான் படி ஏறாம கீழயே படுத்துக் கெடக்கலையா?"

அது ஒரு மனுஷியாக வளரப்போகிற உயிர், இது அப்படியில்லை என்றேன்.

"அது மனுஷியா ஆவ வந்துச்சி. இது மரமா இருக்க வந்துருக்குது. இதுவும் ஒரு பொழப்புதானே" என்றாள்.

என்னிடம் பதில் இருந்தது என்று நினைத்துக்கொண்டேன், அவ்வளவுதான்.

அவளுக்கு மார்பில் கட்டி வந்தது. என்னிடம் சொல்வதற்கு மூன்று மாதத்துக்கு முன்பே அவளுக்குத் தெரிந்திருக்கிறது. அந்த மூன்று மாதமும் சமையல்கட்டு ஜன்னல் வழியாகப் பார்த்தால், அவள் பலாவின் மேல் ஒரு கையை வைத்தபடி ஏதோ முணுமுணுத்துக்கொண்டு நிற்பாள். மரத்தோடு என்ன பேச்சு என்று கேலி செய்திருக்கிறேன். பிறகு புதுச்சேரியில் ஆஸ்பத்திரியில் சேர்த்து விஷயம் முழுவதும் வெளியே வந்தபோதுதான் அந்தப் பேச்சு என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்தேன். அதற்குக் கேட்காது என்று எனக்கு உறுதியாகத் தெரியும். ஆனாலும் அதனிடம் சொல்லியிருக்கிறாள், என்னிடம் சொல்லவில்லை. படித்தவன் ஒரு மரத்தின் மேல் பொறாமைப்படுவதா என்று கேட்பீர்கள். பட்டேன்.

ஆஸ்பத்திரியில் பேச்சு தெளிவாக இருந்த கடைசி நாட்களில் ஒருநாள், பக்கத்தில் வரச்சொன்னாள். என்னைப் பற்றி ஏதோ சொல்லப்போகிறாள் என்று குனிந்தேன்.

"ஆடி வந்தா நீங்க பாட்டுக்குக் கோடாலியத் தூக்கிக்கினு தனியாப் போவாதீங்க. பதில் சொல்றதுக்கு யாரையாவது வெச்சிக்கோங்க."

சரி என்றேன்.

அதற்குப் பிறகு ஒன்பது நாள் நினைவில்லாமல் கிடந்தாள். கூப்பிட்டால் கேட்காது, தொட்டால் தெரியாது என்று நர்ஸ் சொன்னார். நான் இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை அவளைப் புரட்டிப் படுக்கவைத்தேன். பஞ்சை நனைத்து உதட்டைத் துடைத்தேன். போர்வை விலகினால் இழுத்துவிட்டேன். தெரியாத உடம்புக்கு எதற்கு இதெல்லாம் என்று ஒரு தரம்கூட எனக்குத் தோன்றவில்லை. மாசி மாதத்தில் போய்ச் சேர்ந்தாள்.

மகள் ஓசூரில் இருக்கிறாள். காரியம் முடிந்து பத்து நாள் கூட இருந்துவிட்டுப் போனாள். பிறகு ஞாயிற்றுக்கிழமைகளில் போன். மற்ற ஆறு நாளும் என் குரலை நானே அதிகம் கேட்பதில்லை. காலையில் கண்டக்டர் செய்தித்தாளை எடுத்துக்கொண்டு வருவார். இரண்டு வீட்டுக்கும் ஒரே பேப்பர்தான் வாங்குகிறோம். அவர் முதலில் படித்துவிட்டு, எனக்குக் கொடுக்கும் சாக்கில் அரை மணி உட்காருவார். அவர் எழுந்து போனபின் நாள் நீளமாகக் கிடக்கும். பலா இலைகள் தடித்தவை, உதிர்ந்து காய்ந்தால் சிமெண்டுத் தரையில் சரசரவென்று இழுபடும். யாரோ நடக்கிற சத்தம்போல இருக்கும். திரும்பிப் பார்ப்பேன். முன்பு அவள் கூட்டிக்கொண்டிருந்த இலைகளை இப்போது நான் கூட்டினேன். கூட்டாத நாட்களில் அவை மதில் தாண்டிக் கண்டக்டர் வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் விழுந்தன. இலை கொஞ்சம் அதிகமாக வருகிறது என்று அவர் ஒருமுறை சங்கடத்தோடு சொன்னார்.

ஆடிப் பதினெட்டு வந்தது.

மதிலுக்கு அந்தப்பக்கம் கண்டக்டர் பேப்பரை உதறும் சத்தம் கேட்டது. கூப்பிட்டிருந்தால் சிரித்துக்கொண்டே வந்து நின்று பதில் சொல்லியிருப்பார். எழுபது வயதில் ஒருவரை அழைத்து, என் மரத்துக்காக என்னிடம் கெஞ்சுங்கள் என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. நாடகம் வேண்டாம், இந்த வருஷம் விஞ்ஞான முறையில் செய்துவிடலாம் என்று முடிவு செய்தேன். கோடாலியை எடுக்காமல் கத்தியை எடுத்தேன்.

பட்டையை வளையமாக உரித்தால் காய்க்காத மரம் காய்க்கும் என்று பாடத்தில் நடத்தியிருக்கிறேன். எவ்வளவு அகலம் உரிக்கலாம் என்பதையும் நடத்தியிருக்கிறேன். ஒரு விரற்கடைக்கும் குறைவாக, பாதிச் சுற்று மட்டும், கவனமாக. முழுச் சுற்றும் அகலமாக எடுத்தால் வேருக்குச் சாப்பாடு போகாது. மரம் உடனே சாகாது. வேர் பட்டினி கிடந்து சாக ஒன்றரை வருஷம்வரைகூட ஆகலாம்.

நான் நான்கு விரல் அகலத்துக்கு, இடுப்பு உயரத்தில், முழுச் சுற்றாக உரித்தேன்.

கை தவறிவிட்டது என்று எழுத இங்கே இடமிருக்கிறது. கை தவறவில்லை. முதல் கீறலில் வெள்ளையாகப் பால் வழிந்தது. கையில் நல்லெண்ணெய் தடவிக்கொண்டு மறுபடி ஆரம்பித்தேன். எண்ணெய் தடவிக்கொள்ளும் அளவுக்கு நிதானம் இருந்தது. பாதிச் சுற்று வந்தபோது நிறுத்தலாம் என்று தெரிந்தது. நிறுத்தவில்லை. உரிக்க உரிக்க உள்ளே வழுவழுவென்று மஞ்சளாக வந்தது, அதில் ஒரு திருப்தி இருந்தது. போதும் என்று சொல்ல ஆளில்லை. சொல்லியிருந்தாலும் நிறுத்தியிருப்பேனா தெரியவில்லை. பட்டைத் துண்டுகளைப் பொறுக்கிக் குப்பையில் போட்டேன். உரித்த இடத்தில் ஈரமண் பூசி, மேலே கோணிச்சாக்கைச் சுற்றிக் கட்டினேன். கேட்டவர்களிடம் எறும்புக்கு மருந்து வைத்திருக்கிறேன் என்றேன்.

மார்கழியில் மரம் பூத்தது. இந்தத் தடவை ஆண்பூ மட்டும் இல்லை. தை மாதம் அடிமரத்திலும் கிளைகளிலும் முள்முள்ளாகப் பிஞ்சுகள் தெரிந்தன. அத்தனையும் கோணிக்கு மேலே. வைகாசியில் இருபத்திரண்டு பழம். தெருவே வந்து பார்த்தது. மகளுக்கு வீடியோவில் காட்டினேன். அம்மா சொன்னபடியே காய்த்துவிட்டது பாருங்கள் என்று அழுதாள். கண்டக்டருக்கு எல்லாவற்றிலும் பெரிய பழத்தைக் கொடுத்தேன். மதில்மேல் வைத்து இரண்டு கையாலும் தடவிப் பார்த்தார்.

"மேடம் குடுத்த வாக்கு பலிச்சிட்சி சார்" என்றார்.

நான் தலையாட்டினேன். பாராட்டுகளையும் வாங்கிக்கொண்டேன். சாகப்போகிற மரம் இறங்க வழியில்லாத சர்க்கரையை எல்லாம் காயாக்கிவிட்டது என்பது அந்தத் தெருவில் எனக்கு மட்டும்தான் தெரியும். அந்தப் பழம் ஒன்றை அறுத்து நானும் சாப்பிட்டேன். நல்ல ருசி.

வாரத்துக்கு ஒருநாள் கோணியை அவிழ்த்துப் பார்ப்பது எனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. இதைத்தான் சொல்ல மிகவும் கஷ்டமாக இருக்கிறது. உரித்த வளையத்தின் மேல் விளிம்பு தடித்து, உதடுபோல மடிந்து, கீழே இறங்கிக்கொண்டிருந்தது. ஐப்பசியில் அரை விரல். மாசியில் ஒரு விரல். கீழ் விளிம்பைத் தொட்டுவிட்டால் மரம் பிழைத்துவிடும். அதற்கு அதுதான் வேலை. வலி கிடையாது, ஆசை கிடையாது, பயம் கிடையாது, இன்றைக்கும் நான் அப்படித்தான் நம்புகிறேன். ஆனால் அது அந்த இடைவெளியை மூட வந்துகொண்டிருந்தது. ஒரு விரல் அகலம் என்றால் எப்போதோ மூடியிருக்கும். நான் விட்டுவைத்தது நான்கு விரல்.

என்னால் உதவ முடிந்திருக்கும். அதே மரத்தின் இளங்குச்சிகளை வெட்டி, மேல் பட்டைக்கும் கீழ்ப் பட்டைக்கும் நடுவே பாலம்போலச் செருகி ஒட்டுக் கட்டலாம். மாணவர்களுக்குக் கொய்யாவில் செய்து காட்டியிருக்கிறேன். ஒரு காலை நேர வேலை. செய்திருந்தால் எறும்பு மருந்துக்குக் குச்சி எதற்கு என்று கண்டக்டர் கேட்பார். மகளுக்குத் தெரியவரும். அதற்குப் பயந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அதற்கு ஒன்றும் தெரியாது என்ற வாக்கியம் எனக்கு மிகவும் உதவியாக இருந்தது. ஒன்பது நாள் ஆஸ்பத்திரியில் எனக்கு ஞாபகமே வராத வாக்கியம் அது.

ஆவணியில் இலைகள் மஞ்சளாகி உதிர்ந்தன. கார்த்திகை மழையிலும் துளிர்க்கவில்லை.

இதை எழுதும்போது என்னை நானே மறித்துக் கேட்டுக்கொள்கிறேன். காலையில் முளைக்கீரை ஆய்ந்தேன். போன மாதம் நெஞ்சுச் சளிக்கு மாத்திரை தின்று எத்தனை கோடிக் கிருமிகளைக் கொன்றிருப்பேனோ தெரியாது. என் அப்பா வாழ்நாள் முழுவதும் கரும்பை வெட்டினார். அவரைக் குற்றவாளி என்று நான் சொல்வேனா? உயிருள்ளதையெல்லாம் தொடாதே என்றால் மனுஷன் உட்காரக்கூட முடியாது. எங்கே கோடு போடுவது என்று இத்தனை படித்தும் எனக்குத் தெரியவில்லை. ஆனால் என் விஷயத்தில் கோடு எங்கே இருந்தாலும் நான் அதற்கு அந்தப்பக்கம்தான் இருக்கிறேன். கீரை எனக்கு வேண்டும். கரும்பு அப்பாவுக்குச் சோறு. அந்த மரத்திடம் எனக்கு ஒன்றும் வேண்டியிருக்கவில்லை. பழம்கூட வேண்டியிருக்கவில்லை. அதற்கு நல்லது என்று ஒன்று இருந்தது, நிழலோ பழமோ எனக்குக் கொடுப்பதற்காக இல்லாமல், அதுவாக இருப்பதற்கான நல்லது. அது போய்க்கொண்டிருந்த வழியில் போகவிடக்கூடாது என்பதற்காகவே குறுக்கே போய் நின்றேன்.

தை மாதம், காய்ந்த கிளை மதில்மேல் விழுமோ என்ற பயத்தில், கண்டக்டரே கூட்டேரிப்பட்டிலிருந்து மரம் அறுக்கிறவர் ஒருவரை அழைத்துவந்தார். கோணியை நான் முன்பே எடுத்துவிட்டிருந்தேன். அறுக்கிறவர் மரத்தைச் சுற்றிவந்தார், இடுப்பு உயரத்தில் கையை வைத்தார், விரலால் அகலத்தை அளந்தார்.

"இது தானா பட்ட மரம் இல்ல ஐயா. தோல சுத்தி உரிச்சிருக்காங்க. உங்கமேல கறுவு வெச்சிக்கினு யாரோ பண்ணிருக்காங்க. எல வுழுது, வேரு வருதுன்னு பக்கத்துல யாருனா சண்டைக்கி வந்தாங்களா?"

பக்கத்தில் இருந்தது ஒரே வீடு. அந்த வீட்டுக்காரர் என் அருகிலேயே நின்றுகொண்டிருந்தார். அவர் என்னைப் பார்த்தார். நான் மரத்தைப் பார்த்தேன். இல்லை என்று ஒரு வார்த்தை சொல்ல அரை நிமிஷம் போதும். மெஷின் ஓடத் தொடங்கியது.

மறுநாள் காலையில் பேப்பர் வாசல் கேட்டின் கம்பிகளுக்கு நடுவே செருகியிருந்தது. அவர் உள்ளே வரவில்லை. நான்கைந்து நாள் கழித்து கேட்டுக்கு வெளியே நின்றபடியே, சத்தியமாக நான் இல்லை சார் என்றார். எனக்குத் தெரியும் என்றேன். எப்படித் தெரியும் என்று அவர் கேட்கவில்லை. மரியாதைக்குச் சொல்கிறேன் என்று எடுத்துக்கொண்டார்போல. செருப்பைத் தேய்த்துக்கொண்டு போனார். மூன்று வாரம் அப்படிப் போயிற்று. காலையில் அந்த அரை மணியும் இல்லாமல் போனபின் வீட்டில் கடிகாரச் சத்தம் மட்டும்தான். பின்பக்கக் கதவைத் திறந்தால் வெயில் நேராகச் சமையல்கட்டுக்குள் விழுந்தது. பல வருஷமாக அங்கே விழாத வெயில்.

மரத்துக்குச் செய்ததைப் பேசாமல் மூடிவைத்ததில், பேச வாயுள்ள ஒருவருக்கும் அதே கதியைச் செய்துகொண்டிருக்கிறேன் என்று எனக்குப் புரிய மூன்று வாரம் ஆனது. ஒருநாள் காலையில் அவர் பேப்பரைச் செருகும்போது கேட்டைத் திறந்து, உள்ளே வந்து உட்காருங்கள் என்றேன். டீ போட்டுக் கொடுத்தேன்.

"அந்தத் தோல உரிச்சது நான்தாங்க."

டம்ளரைக் கீழே வைத்தார். "நீங்களா?"

எல்லாவற்றையும் சொன்னேன். ஆடிப் பதினெட்டு, கத்தி, நான்கு விரல், கோணி, ஒட்டுக் கட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தது. மரம் அறுக்கிறவர் கேட்டபோது வாயை மூடிக்கொண்டிருந்ததையும் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவர் முகம் சிவந்துவிட்டது.

"மூணு வாரமா எங்க வூட்ல பேஜாரு சார். என் பொண்டாட்டியே கேட்டுட்டா, நெசமாச் சொல்லு, நீதான் பண்ணியான்னு. முப்பது வருஷம் டிக்கெட் கிழிச்சவன், ஒருத்தன் என்ன சந்தேகமாப் பாத்ததில்ல."

அவர் ஆறிப்போன டீயை எடுத்துக் குடித்தார். கோபம் இறங்குவது முகத்தில் தெரிந்தது. மேடம் போன துக்கத்தில் செய்துவிட்டீர்கள், என் மனசு ஆறிவிட்டது என்றார்.

"மரந்தான சார். போவுது வுடுங்க."

"மரந்தாங்க. உங்களுக்குச் செஞ்சதுக்கு நீங்க மன்னிச்சிட்டீங்க. அதுக்குச் செஞ்சத யாருகிட்டப் போயி சொல்றது?"

அவர் பேப்பரை நான்காக மடித்தார், பிரித்தார், மறுபடி மடித்தார். குத்திக்காட்டும் எண்ணமே இல்லாமல், உண்மையில் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதுபோலக் கேட்டார்:

"அது வாயத் தொறந்து வேணான்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, பண்ணியிருக்க மாட்டீங்க இல்ல?"

மாட்டேன் என்றேன்.

அவர் தலையை மெதுவாக ஆட்டினார். பேப்பரை என் பக்கம் நகர்த்திவிட்டு, நாளைக்கு வருகிறேன் என்று சொல்லி எழுந்துபோனார். சொன்னபடியே வந்தார். இப்போதும் வருகிறார். மரத்தைப் பற்றி நாங்கள் பேசுவதில்லை.

மகளுக்கு இன்னும் பூஞ்சைக் கதைதான் தெரியும். நாளை ஞாயிற்றுக்கிழமை, போன் செய்வாள். அம்மாவின் மரம் என்றுதான் அவள் அதைச் சொல்வாள். அவளிடம் சொல்லும்போது, கண்டக்டர் மன்னித்ததுபோல அவளும் உடனே மன்னித்துவிடக்கூடாது என்று இருக்கிறது.